ஐந்தேகால் மணி மெட்டு

உயர்ந்த இசை மனிதனை அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுப்பி நிறுத்தும். கையில் பிடித்திருக்கும் வேலையைக் கீழே போடவைக்கும். தன்னைவிடப் பெரிதான ஒன்றை நோக்கி அவனைத் தெருவில் இறங்கி நடக்கச் செய்யும். தைவானின் மேற்குக் கடலோரத்தில் ஹாய்போ கிராமத்துக் கடலன்னை கோயில், தன் முந்நூறாவது ஆண்டு விழா மலரின் முதல் பக்கத்தில் இப்படித்தான் அச்சிட்டிருந்தது. எழுதியவர் ஆங் கேபுன் வாத்தியார். எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. புதனும் ஞாயிறும் நீங்கலாக வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, குப்பை வண்டி பாடிக்கொண்டு வரும்போது ஹாய்போவில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அங்கே குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போகமுடியாது. வண்டி வரும் நேரத்துக்கு அவரவர் பையோடு வாசலில் நின்று, அவரவர் கையாலேயே வண்டிக்குள் எறியவேண்டும். வண்டி வருவதற்கு அடையாளம் அதன் மெட்டு. ஐரோப்பாக்காரன் எவனோ பியானோ பழகும் பிள்ளைகளுக்காக எழுதியது, எப்படியோ கடல் தாண்டி வந்து, வண்டியின் நெற்றியில் கட்டிய தகரக் குழாயில் குடியேறிவிட்டது. அது கேட்டதும் சூதாட்டம் பாதியில் நிற்கும். சண்டை பாதியில் நிற்கும். ஒருமுறை கோயில் பூசாரி மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, பையை எறிந்துவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். கடலன்னை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வாத்தியாரின் மனைவி சூகுவான் சிப்பி உடைக்கிறவள். ஹாய்போவில் பெண்ணாகப் பிறந்தவர்களுக்கு அதுதான் வேலை. நீர் வற்றும்போது படகுகள் மூங்கில் பந்தல்களிலிருந்து சிப்பிக் கொத்துகளை அறுத்து வந்து தெருவோரத் தகரக் கொட்டகையில் கொட்டும். பெண்கள் முக்கால் அடி உயர முக்காலியில் உட்கார்ந்து, இடக்கையில் உறையும் வலக்கையில் குட்டைக் கத்தியுமாக, ஓட்டின் வாயில் கத்தியைக் கொடுத்து ஒரு திருப்புத் திருப்பி, சதையை வாளியில் வழித்துப் போடுவார்கள். ஓடுகள் மலையாகக் குவிந்து கிடக்கும். அதை வாங்க ஆள் உண்டு. ஓட்டோடு வரும் பாசி, செத்த நண்டு, அழுகிய சிப்பி, இவற்றை வாங்கத்தான் ஆள் கிடையாது. வெயில் காலத்தில் ஒரு நாள் வண்டியைத் தவறவிட்டால் அந்த வீட்டு நாய்கூட வாசலில் படுக்காது.

சூகுவானின் வீடு கொட்டகைக்கு நேர் பின்னால். கேபுன் நடுநிலைப் பள்ளியில் முப்பது வருஷம் ஊதுகுழல் வாத்தியக் குழுவை நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் இயற்றியவையும் கொஞ்சம் உண்டு. பள்ளிக்கு ஒரு கீதம் எழுதினார். அதன் இரண்டாம் சரணம் யாருக்கும் தெரியாது. சிப்பி வளர்ப்போர் சங்கத்துக்கு ஒன்று எழுதினார். சங்கத்துக்குப் போன் செய்கிறவர்கள் காத்திருக்கும்போது அது ஒலிக்கும். அதனால் ஹாய்போவில் அந்தப் பாட்டைக் கேட்டாலே எல்லோருக்கும் எரிச்சல் வரும். வாத்தியாருக்கு இது தெரியாது. அவர் சங்கத்துக்குப் போன் செய்ததில்லை.

குப்பை வண்டியின் மெட்டுக்கும் அவருக்கும் பழைய பகை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நகர அலுவலகத்துக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார். தினமும் இந்தத் தகர ஓசையைக் கேட்பதால் மக்களின் காது கெடுகிறது, காது கெட்டால் ரசனை கெடும், ரசனை கெட்டால் நாகரிகம் என்னாகும் என்று கேட்டிருந்தார். அலுவலகம் நன்றி தெரிவித்து, வண்டி வரும் நேரங்கள் அச்சிட்ட நாட்காட்டி ஒன்றை அனுப்பிவைத்தது. கடிதம் எழுதுவதற்கு முன்பே அவர் ஐந்து மணியானால் பின்னறைச் சன்னலைச் சாத்துவார். கடிதத்துக்குப் பிறகு பஞ்சு வைத்த காதுமூடியும் சேர்ந்துகொண்டது; நாளடைவில் பகை மட்டும் மிஞ்சி, மெட்டு மறந்துபோயிற்று. ஜெர்மானிய மேதைகளைக் கேட்டுவிட்டு ஆறு மணிக்குத்தான் வெளியே வருவார். அதற்குள் பையை எறிந்து, கை கழுவி, சூகுவான் அரிசியும் களைந்திருப்பாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன இலையுதிர் காலத்தில் கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் சுவா வந்தார். முந்நூறாம் ஆண்டுக்கு ஒரு பெரிய இசை வேண்டும், மாவட்ட வாத்தியக் குழு வந்து வாசிக்கும், மாவட்டத் துணைத் தலைவர் வருகிறார், பக்கத்து ஊர்க் கோயில் போன வருஷம் வாணவேடிக்கைதான் விட்டது, நாம் அதைத் தாண்டவேண்டும் என்றார். எவ்வளவு நீளம் என்று வாத்தியார் கேட்டார். சுவா யோசித்து, துணைத் தலைவர் உட்கார்ந்திருக்கக்கூடிய அளவு என்றார்.

எட்டு மாசம் பின்னறையில் பியானோ ஒலித்தது. ‘கடலன்னையின் வருகை’ என்று பெயர். வாத்தியாருக்கு விரல் மூட்டுகளில் வலி. அதனால் மெதுவாகத்தான் வாசிப்பார். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். துக்கமாக, நத்தை ஊர்வதுபோல, ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவில் ஒரு சிப்பியை உடைத்துவிடலாம் என்கிற இடைவெளியோடு.

கொட்டகையில் அதை முதலில் பிடித்தவள் கிம்ஹோ. ஊரிலேயே வேகமான கை அவளுடையது, வாயும் அப்படியே. விழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, காலையில், கத்தியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“வாத்தியாரம்மா, எனக்கு வயசாயிடுச்சா, இல்ல உங்க வீட்டுப் பியானோவுக்கு எதாச்சும் ஆயிடுச்சா?”

“ஏன்க்கா?”

“அது வாசிச்சா என் காலு தன்னால எழும்புது.”

“எனக்குக் காலு எழும்பல,” என்றாள் பக்கத்திலிருந்த பெக்லியான். “கை மட்டும் எதையோ தேடுது. நேத்து வாளிய எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன்க்கா. போய் நின்னு, எதுக்கு வந்தோம்னு யோசிச்சிட்டுத் திரும்பினேன்.”

கிம்ஹோ அந்த மெட்டை வாய்க்குள் முனகினாள். மெதுவாக ஒருமுறை. கொஞ்சம் வேகமாக ஒருமுறை. இன்னும் வேகமாக மூன்றாம் முறை முனகும்போது பாதியில் நிறுத்திவிட்டாள். கொட்டகையில் ஆறு கத்திகளும் நின்றன. பின்னறையில் பியானோ ஒரு சுரத்தைத் தொட்டு, யோசித்து, அடுத்ததைத் தொட்டது.

“நம்ம வண்டிடி அது,” என்றாள் கிம்ஹோ.

யாரும் உடனே சிரிக்கவில்லை. வாத்தியாரம்மா நடுவில் இருக்கிறாளே என்று பார்த்தார்கள். பிறகு பெக்லியான் உறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்; அவள் முதுகு குலுங்கியது; அப்புறம் எல்லோரும் குலுங்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிம்ஹோ சொன்னது இது: எட்டு மாசமா உக்காந்து அந்த மனுசன் சாமியக் கூப்புடுறாரு, வந்து நிக்கப்போறது வண்டி.

சூகுவானும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை. அவள் கை போன குளிர்காலத்திலிருந்தே அந்த மெட்டுக்கு அடுப்படி மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

சொல்லவேண்டியது அவள்தான் என்று கொட்டகை முடிவு செய்தது. நாங்க சொன்னா ஊரு சொன்னதாயிடும், பொண்டாட்டி சொன்னா வீட்டோட போயிடும் என்பது கிம்ஹோவின் கட்சி. துணைத் தலைவர் முன்னால் மனுஷர் அவமானப்பட்டால் அப்புறம் பின்னறையை விட்டே வெளியே வரமாட்டார். பள்ளியில் ஒருமுறை, அவர் எழுதிய அணிவகுப்பு இசைக்கு மாணவர்கள் நடக்கமுடியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டபோது, மூன்று வாரம் யாரோடும் பேசாமல் இருந்தவர் அவர். இந்த முறை மூன்று வாரத்தோடு நிற்காது. சூகுவானுக்கும் அது தெரியும். சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் மத்தியானம் சிப்பிக் கஞ்சி வைத்தாள். சிவரிக்கீரை தூவி, வறுத்த வெங்காயம் போட்டு, அவருக்குப் பிடிக்கிற மாதிரி மிளகு தூக்கலாக. அவர் இரண்டு கரண்டி குடிக்கும்வரை பொறுத்தாள்.

“வாத்தியாரே, அந்த மெட்டு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?”

அவர் கரண்டியை வைத்துவிட்டார். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் ஒரு மெட்டைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேபுனின் முகம் அவளுக்குப் பழக்கமில்லாத விதத்தில் இளகியது.

“உன்கிட்ட சொன்னதில்லையே. அம்மா போன அன்னைக்கு வந்துச்சு.”

“அன்னைக்கா?”

“முன்கூடத்துல படுக்க வச்சிருந்தோமே. நான் கையப் புடிச்சிட்டு இருந்தேன். மூச்சு நூலா இழைஞ்சிட்டிருந்துச்சு. அப்ப தூரத்துல ஒரு குழல். ரொம்ப தூரத்துல. பக்கத்துல வந்துச்சு, நம்ம வாசல்லயே வந்து நின்ன மாதிரி கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் போயிடுச்சு. அது கேட்டதுமே அம்மா விரலைத் தூக்கி வாசல் பக்கம் காட்டுனா, சூகுவான். யாரோ கூட்டிட்டுப் போக வந்த மாதிரி. அதோட அடங்கிட்டா. கடலன்னையே வந்தான்னுதான் நான் நினைக்கிறேன். அதான் அந்தப் பேரு.”

சூகுவான் கஞ்சியைக் கிண்டினாள்.

“நான் உன்னையக் கூப்பிட்டேன். நாலு தடவை கூப்பிட்டேன். நீ அடுப்படில அம்மாவுக்குக் கஞ்சி ஆத்திட்டிருந்தே. உனக்கு அந்தக் குழல் கேட்டுச்சா?”

“இல்ல,” என்றாள். “அடுப்புச் சத்தம்.”

அவர் தலையாட்டினார். எல்லோருக்கும் கேட்பதில்லை என்று அந்தத் தலையாட்டலில் ஒரு பெருந்தன்மை இருந்தது. கஞ்சி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை சூகுவான் அடுப்படியில் இல்லை. புதன்கிழமை எப்போதும் வண்டி கிடையாது. அந்த வாரம் வியாழக்கிழமையும் பழுதாகிவிட்டது. ஆனி மாச வெயிலில் மூன்று நாள் நண்டும் பாசியும் பின்வாசலில் பொதிபோலக் கிடந்தன. சாகக் கிடக்கிறவளைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மெட்டு கேட்டதும் அவள் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு பின்வழியாக ஓடினாள். எறிந்துவிட்டு, கிம்ஹோவின் மூன்றாவது பையையும் ஒரு கை பிடித்துவிட்டு, திரும்பி வந்தபோது கேபுன் அழுதுகொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். கஞ்சி ஆற்றினேன் என்று வாயில் வந்துவிட்டது. அழுகிறவரிடம் குப்பை கொட்டப் போனேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. கேபுனின் தம்பிகளுக்கும் சொல்லப்பட்டு, கடைசிவரை கஞ்சி ஆற்றிய மருமகள் என்று இழவு வீட்டில் நாலு பேர் பாராட்டியும் விட்டார்கள். பாராட்டுக்குப் பிறகு எப்படித் திருத்துவது?

அந்தக் குழல் எங்கேயிருந்து வந்தது என்று சொன்னால், அது வாசலில் நின்ற நேரத்தில் தான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்லவேண்டும். சூகுவான் கொட்டகைக்குத் திரும்பிப்போய், சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை என்றாள். கிம்ஹோ அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடலன்னை விட்ட வழி என்று கத்தியை எடுத்தாள்.

மாவட்ட வாத்தியக் குழுவின் நடத்துநர் தலைநகரில் படித்தவர். அவருக்கு மெட்டு உடனே புரிந்துவிட்டது. ஆனால் அவர் அதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டார். ‘அன்றாட வாழ்வின் ஓசையைத் தெய்வ சந்நிதிக்கு உயர்த்தும் நவீனப் பார்வை’ என்று விழா மலருக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். வாத்தியார் அதை மூன்றுமுறை படித்து, தம்மை ஒருவராவது புரிந்துகொண்டார் என்று மகிழ்ந்தார். கடைசிப் பகுதியை மட்டும் நான்கு மடங்கு வேகத்தில், சின்னக் குழலில் தொடங்கலாமா என்று நடத்துநர் கேட்டதற்கு, துக்கம் வெற்றியாக மாறவேண்டிய இடம் அது, தாராளமாக என்றார்.

விழா சனிக்கிழமை வந்தது. தென்காற்று தொடங்கியிருந்தது, வெடிப்புகையும் ஊதுபத்தியும் சிப்பி ஓட்டின் நாற்றமும் கலந்து ஊர்மேல் போர்வையாகக் கிடந்தன. காலையிலேயே கோயில் ஒலிபெருக்கி அறிவித்தது: சாலையெல்லாம் பந்தல் போட்டிருப்பதால் இன்று குப்பை வண்டி தெருக்களுக்குள் வராது; இசை நிகழ்ச்சி முடிந்தபின், ஆறு மணி வாக்கில், கோயில் முன் சாலையில் மட்டும் நிற்கும். துணைத் தலைவருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று சுவா செய்த ஏற்பாடு அது. வீடு நிறைய விருந்தாளிகள், விருந்தில் மிஞ்சிய மீன் தலைகள், மறுநாளோ ஞாயிறு. ஆகவே மதியுள்ள குடும்பங்கள் எல்லாம் பட்டுச் சட்டையோடு பையையும் எடுத்துக்கொண்டு இசை கேட்க வந்தன. கோயில் வாசலின் இரண்டு கல் சிங்கங்களுக்குப் பின்னால் பைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டன. சூகுவான் கேபுனின் தம்பி குடும்பங்களுக்குச் சோறு போட்டுவிட்டு வருவதற்குள் சிங்கங்களுக்குப் பின்னால் இடம் இல்லை. இசையமைப்பாளரின் மனைவிக்கு மூன்றாம் வரிசையில் ஒதுக்கியிருந்த நாற்காலிக்கு அடியில், சிவப்புக் கோடு போட்ட பையை இரண்டாக மடித்துக் கட்டி, காலால் உள்ளே தள்ளிவைத்தாள். பால்கெண்டை மீன் தலைகள். வெளியே வாசனை வரவில்லை என்று இரண்டுமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

நாலரைக்குத் தொடங்கவேண்டியது. சுவா பேசினார். துணைத் தலைவர் பேசினார். இசையால்தான் ஓர் இனம் ஒன்றுபடுகிறது என்றார். சங்கத் தலைவர் பேசினார். ஐந்து மணிக்கு நடத்துநர் கையைத் தூக்கினார்.

முதல் பதினாறு நிமிஷம் நல்ல இசைதான். அதைச் சொல்லியாகவேண்டும். அடித்தொண்டை வாத்தியங்கள் கடலைப்போல அசைய, அதன்மேல் மெட்டு ஒவ்வோர் அடியாக வந்தது. ஊருக்குள் யாருக்கும் விளக்கமுடியாத ஒரு தவிப்பு பரவியது. பெக்லியான் கண்ணைத் துடைத்தாள். பூசாரி பெருமூச்சு விட்டார். எதையோ மறந்துவிட்டோம், எதற்கோ நேரமாகிறது, எதையோ இழக்கப்போகிறோம் என்று நானூறு பேருக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. மாவட்டப் பத்திரிகையின் நிருபர், கேட்டவர்கள் முகத்தில் ஏக்கத்தைக் கண்டேன் என்று பிறகு எழுதினார். அவர் கண்டது சரிதான்.

பிறகு வாத்தியங்கள் எல்லாம் அடங்கின. சின்னக் குழல் ஒன்று மட்டும், உச்சியில், தகரம்போல மெல்லிய ஒலியில், நான்கு மடங்கு வேகத்தில் அந்த மெட்டை எடுத்தது. ஐந்தேகால் தாண்டியிருந்தது.

கிம்ஹோவின் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எழுந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆண்கள் சிகரெட்டைக் காலால் நசுக்கினார்கள். பூசாரி எழுந்தார். சிங்கங்களை நோக்கி முப்பது நாற்பது பேர் நடக்கவே தொடங்கிவிட்டார்கள். எழுந்தவர்கள் அத்தனை பேரும் சாலைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சாலையில் வறுத்த கணவாய் விற்கிறவன் ஒருவன் தன் வண்டியோடு நின்றிருந்தான். இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவன் விசிறுவதை நிறுத்தினான்.

சூகுவானுக்கு எல்லாம் முன்பே தெரியும். உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். மீன் தலைகளின் கனம் வலக்கையை இழுத்தபோதுதான், தான் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

முதல் வரிசையில் சுவா திரும்பிப் பார்த்தார். ஊரே எழுந்து நிற்கிறது. இப்படி ஒரு முறை இருக்கிறதென்று தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று பதறி எழுந்தார். அவர் எழுந்ததும் துணைத் தலைவர் எழுந்தார். துணைத் தலைவர் எழுந்ததும் எழாமல் மிச்சமிருந்தவர்களும் எழுந்தார்கள். வாத்தியங்கள் ஒன்றாகச் சேர்ந்து முழங்கி முடித்தபோது துணைத் தலைவர் கைதட்டினார். சாலையில் வண்டி இல்லை என்று உறுதியாகிவிட்டதால், வெட்கத்தோடு மற்றவர்களும் தட்டினார்கள். மேடை ஓரத்தில் நின்றிருந்த கேபுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆறு மணிக்கு அவர் மேடை நடுவில் நின்று கேடயம் வாங்கிக்கொண்டிருந்தார். துணைத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, என் வாழ்நாளில் இப்படி ஒரு ஊரை என்று ஆரம்பித்தார். அப்போது வளைவைத் திரும்பிக்கொண்டு வண்டி வந்தது, பாடிக்கொண்டு.

ஒருவரும் அசையவில்லை. ஒருமுறை ஏமாந்தாயிற்று, இரண்டாம் முறை துணைத் தலைவர் பேச்சுக்கு நடுவில் எழ யாருக்கும் தைரியமில்லை. வண்டி கோயில் முன்னால் நின்றது. விதிப்படி மூன்று நிமிஷம் நின்றது. மெட்டு முழுசாக ஐந்தாறு தடவை சுற்றியது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, பை மலையையும் நானூறு முதுகுகளையும் பார்த்து, ஒன்றும் புரியாமல் கிளம்பிப் போனார்.

சூகுவான் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபுனின் காதில் காதுமூடி இல்லை. பின்னறைச் சன்னலும் இல்லை. குழல் தூரத்தில் வந்தது, பக்கத்தில் வந்தது, வாசலில் நின்றது, போய்விட்டது. கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவர் அதை முழுக்கக் கேட்டார். பிறகு மூன்றாம் வரிசையில் அவளைத் தேடினார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

வீட்டில் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் படுக்குமட்டும் பேசிக்கொண்டிருந்ததால் இவர்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சூகுவான் கொட்டகையில் தனியாக இருந்தாள். விழாவுக்கு மறுநாள் யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள். ஆனால் சிப்பிக்கு விழா தெரியாது. சிங்கங்களுக்குப் பின்னாலிருந்த பைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தன. நாற்றம் கண்ணைக் கரித்தது. கேபுன் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் முகத்துக்கு வந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் அவர் கொட்டகைக்குள் வந்ததில்லை. ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார்.

“ஆமா.”

“நீ அடுப்படில இல்ல.”

“இல்ல.” கத்தியை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று அவள் நிறுத்தவில்லை. “தெருவுல நின்னேன். நீங்க கூப்பிட்டது கேக்கல. வந்து பாத்தா நீங்க அழுதுட்டு இருந்தீங்க. கஞ்சின்னு வாயில வந்துருச்சு. அப்புறம் எல்லாரும் பாராட்டிட்டாங்க.”

கேபுன் கத்தியில்லாமல் அந்தச் சிப்பியைப் பிரிக்கப் பார்த்தார். அது பிரியவில்லை.

“அம்மா விரலைக் காட்டுனா,” என்றார்.

“காட்டுனாங்க. தெருவுக்கு ஓடுறதுக்கு முன்னாடி நான் அடுப்படி வாசல்ல நின்னேன். பையத் தூக்கவா வேண்டாமான்னு நின்னேன், வாத்தியாரே. உங்க கையில இருந்த கைய உருவி அவங்கதான் காட்டுனாங்க. அவங்களுக்கும் கேட்டுருச்சு. அம்பது வருசம் சிப்பி உடைச்சவங்க. போன்னு எனக்குத்தான் காட்டுனாங்களா, இல்ல நீங்க சொல்ற மாதிரி யாரும் கூட்டிட்டுப் போக வந்தாங்களான்னு எனக்குத் தெரியல. ஆனா என்னைப் பாத்துத்தான் காட்டுனாங்க.”

கடல் பக்கம் ஒரு படகின் மோட்டார் இருமி இருமி நின்றது. கேபுன் ஓட்டுக் குவியலைப் பார்த்தபடி கேட்டார்:

“எத்தனை நாள் கழிவு?”

“மூணு நாள். வியாழக்கிழமையும் வண்டி வரல.”

“ஆனி மாசம்.”

“ஆமா.”

“அப்பப் போகத்தான் வேணும்,” என்றார் வாத்தியார். சிப்பியை அவளிடம் நீட்டினார். அவள் கத்தியைக் கொடுத்து ஒரு திருப்புத் திருப்பித் திறந்து காட்டினாள். எங்கே குத்தினாய் என்று கேட்டார். இன்னொன்றைத் திறந்து காட்டினாள்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பின்னறைச் சன்னல் திறந்தே இருந்தது. ஐந்தேகாலுக்கு வாத்தியார் இரண்டு கையிலும் இரண்டு பையோடு தெருவில் வந்து நின்றார். ஊர் அவருக்கு மரியாதையாக இடம் விட்டது. எல்லோர் பையும் மூன்று நாள் பழசு; யாரும் மூச்சு விடவில்லை. கிம்ஹோவுக்குத்தான் வாய் நிற்காது.

“வாத்தியாரே, உங்க பாட்டு வருது.”

“கொஞ்சம் வேகம் ஜாஸ்தி,” என்றார் கேபுன்.

இசையைப் பற்றி அதற்குமேல் அந்தத் தெருவில் யாரும் பேசவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. சுவா மட்டும் நிர்வாகக் குழுவைக் கூட்டி, ‘கடலன்னையின் வருகை’யை இனி ஆண்டுதோறும் வாசிக்கவேண்டும், கடைசிப் பகுதிக்கு மக்கள் எழுந்து நிற்பது நம் கோயில் மரபாக இருக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார். மாவட்டப் பத்திரிகை எடுத்த படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, ‘தெய்விக இசைக்கு எழுந்து நின்று தலைவணங்கும் ஹாய்போ மக்கள்’ என்று பொன்னெழுத்தில் பொறித்து, கோயில் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி விளக்கமும் சொல்கிறார்.

படத்தில் ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் நிற்கும் இசையமைப்பாளரின் மனைவி கையில் குப்பைப் பை இருக்கிறது.